நாழியிலிருந்து லிட்டருக்கு: எல்லையோர வகுப்பறையில் கொள்ளளவுப் பாடம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி மக்களின் வாழ்க்கையில் 1956ஆம் ஆண்டு இரு பெரும் மாறுதல்களுக்கு வழி வகுத்தது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தது. பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாக உருவெடுத்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தின் பகுதியாயிற்று. ஒரே சந்தைக்குப் போய் வந்த ஊர்களுக்கு நடுவே மாநில எல்லை அமைந்தது. அதே ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட எடை, அளவைத் தரச் சட்டமோ நாடு முழுமைக்கும் ஒரே மெட்ரிக் அளவை முறையைக் கொண்டுவர அடித்தளமிட்டது. ஒரு சட்டம் எல்லைக் கோட்டை வரைந்தது. மற்றொரு சட்டம் அக்கோட்டின் இருபுறமும் ஒரே லிட்டரை நிறுத்தியது.

லிட்டர் கடைக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அது குழந்தையின் மனத்துக்குள் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. 'ஒரு லிட்டர் ஆயிரம் மில்லி லிட்டர்' என்று தடங்கலின்றி ஒப்பிக்கும் மாணவனிடம், வகுப்பின் மூலையிலுள்ள தண்ணீர்க் குடம் எத்தனை லிட்டர் கொள்ளும் என்று கேட்டால் பல வேளைகளில் விடை கிடைப்பதில்லை. இது ஒரு மாநிலத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. அளவை என்னும் பாடம் அளக்கப்படாமல், அலகு மாற்றக் கணக்காகவே நடத்தப்படுவதன் விளைவு இது. முகந்து, ஊற்றி, எண்ணி, ஒப்பிட்டு, முரண்பட்டு, அதன் பின் ஒரு பொது அளவை வேண்டும் என்று குழந்தை தானே உணர்ந்த பிறகுதான் லிட்டர் அதன் கையில் தரப்பட வேண்டும். இவ்வாறு கற்பிப்பதற்கு எல்லையோரக் கிராமங்களைப் போலப் பொருத்தமான களம் பிறிதொன்று இல்லை.

தவறான அளவின் விலை

கொள்ளளவை அறியாமை, தேர்வில் சில மதிப்பெண்களை இழப்பதோடு முடிந்துவிடுவதில்லை. வயிற்றுப்போக்குக்கு ஆளான குழந்தைக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். கரைசலை எடுத்துக்கொள்வோம். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கு உரியது. 200 மில்லி லிட்டருக்கு உரிய சிறு பொட்டலங்களும் கிடைக்கின்றன. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை வீட்டிலுள்ள செம்பு ஒன்றில் கரைத்து, அச்செம்பு 600 மில்லி லிட்டரே கொள்ளுமாயின், கரைசலில் உப்பின் செறிவு மிகும். அது குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை உயர்த்தித் தீங்கு விளைவிக்கக்கூடும். நீர் மிகுந்துவிட்டாலோ மருந்தின் பயன் குறையும். பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்த தாய்க்கும், தன் வீட்டுச் செம்பு எவ்வளவு கொள்ளும் என்பது தெரிந்திருந்தால்தான் அந்த எழுத்தறிவு முழுப் பயன் தரும். இருமல் மருந்தும் அவ்வாறே. மருத்துவர் குறிக்கும் தேக்கரண்டி 5 மில்லி லிட்டர். அடுக்களைக் கரண்டிகள் பல அளவின.

பொருளாதார நோக்கிலும் இதற்கு இடமுண்டு. தேங்காயெண்ணெய் ஒரு கடையில் லிட்டருக்கும் மற்றொரு கடையில் கிலோவுக்கும் விலை கூறப்படுகிறது. ஒரு லிட்டர் தேங்காயெண்ணெயின் எடை ஏறத்தாழ 920 கிராம். எனவே ஒரு கிலோ வாங்குபவர் ஒரு லிட்டரைவிடச் சற்று மிகுதியாகவே பெறுகிறார். இதை அறியாதவர் இரு விலைகளையும் ஒப்பிட இயலாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதிருக்கும் சந்தையில் நியாய விலை நிலைப்பதில்லை என்பது பொருளியலின் பாலபாடம். அளவை அறிவு ஏழை நுகர்வோருக்குச் செலவில்லாத பாதுகாப்பு.

ஒரே பெயர், வேறு அளவு

தமிழ் வாய்பாட்டில் 360 நெல் கொண்டது ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. அதாவது நாழியே படி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். திண்ணைப் பள்ளிகளில் நெல்லிலக்கம் என்னும் சுவடியின் வழியே சிறுவர்கள் இவற்றை மனப்பாடம் செய்தனர். மலையாள வாய்பாட்டிலும் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்ற பெயர்கள் உள்ளன. ஆனால் அங்கே நான்கு நாழி சேர்ந்து ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. இடங்கழி ஒரு லிட்டரைச் சற்றே விஞ்சியது. ஆகவே மலையாள நாழி அரை லிட்டருக்கும் குறைந்தது. தமிழ் நாழியோ ஒரு லிட்டருக்கும் மேற்பட்டது. பெயர் ஒன்று; பொருள் ஒன்றன்று.

எல்லையின் இருபுறமும் முன்பு திருவிதாங்கூராக இருந்தமையால் இடங்கழியும் பறையும் இவ்வூர்களின் முதியோருக்கு நன்கு பழக்கமானவை. திருமணத்திலும் கோயில் திருவிழாவிலும் நிறைபறை வைக்கும் வழக்கத்தைக் குழந்தைகள் இன்றும் காண்கின்றனர். தமிழ் வழியில் பயிலும் குழந்தை பழைய தமிழ் வாய்பாட்டையும் எங்கேனும் சந்திக்க நேரலாம். 'பாட்டி சொல்லும் நாழி பெரிதா, புத்தகம் சொல்லும் நாழி பெரிதா' என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழும். பொது அளவை ஏன் தேவை என்பதை விளக்க இதைவிடச் சிறந்த நுழைவாயிலை ஆசிரியர் தேட வேண்டியதில்லை.

அளவையின் நேர்மை ஆட்சியின் நேர்மையோடு இணைத்தே இந்நாட்டில் எண்ணப்பட்டு வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் குறிக்கப்படுகிறது. அது 'ராஜகேசரி' என்னும் அளவைக்குச் சமமானது என்றும் அவை தெளிவுபடுத்துகின்றன. கோயிலுக்கு வரவேண்டிய நெல்லை எந்த மரக்காலால் அளப்பது என்பதில் ஐயத்துக்கு இடம் வைக்கப்படவில்லை. ஓணக் காலத்தில் பாடப்படும் மாவேலிப் பாட்டும் கள்ள அளவைகள் இல்லாமையை நல்லாட்சியின் அடையாளங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. இந்த மரபைக் கணித வகுப்பில் நினைவூட்டுவது வரலாற்றை வலிந்து புகுத்துவதாகாது. பாடத்தின் பொருளையே எடுத்துரைப்பதாகும்.

குழந்தையின் கண் காண்பது

ஒரே அளவான இரு கண்ணாடிக் குவளைகளில் சமமாக நீர் ஊற்றிக் குழந்தைக்குக் காட்டுங்கள். பிறகு ஒன்றிலுள்ள நீரை அதன் கண்ணெதிரிலேயே ஒடுங்கிய, உயரமான குவளைக்கு மாற்றுங்கள். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும், உயர்ந்த குவளையில்தான் நீர் மிகுதி என்று கூறும். சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் பியாஜே புகழ்பெறச் செய்த சோதனை இது. எண் பற்றிய குழந்தையின் கருத்து வளர்ச்சியை ஆராயும் அவரது நூல் 1941-ல் வெளிவந்தது. பாத்திரம் மாறினாலும் நீரின் அளவு மாறாது என்ற தெளிவு ஏறத்தாழ ஏழு, எட்டு வயதில் அமைகிறது என்றும், மூழ்கிய பொருள் இடம்பெயர்க்கும் நீரைக் கொண்டு கன அளவை உணர்வது அதனினும் பல ஆண்டுகள் பின்னரே கைகூடுகிறது என்றும் அவர் கண்டார். பண்பாட்டுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப இவ்வயது வேறுபடலாம். ஆயினும் படிநிலைகளை மாற்றி வைத்துக் கற்பிப்பது பயன் தராது என்ற படிப்பினை நமக்குப் போதுமானது.

பாடத்தின் ஐந்து நிலைகள்

முதல் நிலை, ஒப்பிடுதல். செம்பு, கிண்ணம், புட்டி, டம்ளர் ஆகியவற்றைக் குழந்தைகள் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும். எது மிகுதியாகக் கொள்ளும் என்று முதலில் ஊகிக்க வேண்டும். அடுத்து ஒன்றை நிரப்பி மற்றொன்றில் ஊற்றிப் பார்க்க வேண்டும். வழிந்தால் ஒரு முடிவு. நிரம்பாவிட்டால் மற்றொரு முடிவு. இந்நிலையில் எண்ணே வேண்டாம்.

இரண்டாம் நிலை, சொந்த அலகால் அளத்தல். தென்னையும் ரப்பரும் செழித்த இப்பகுதியில் சிரட்டை இல்லாத வீடில்லை. ரப்பர்ப் பாலைச் சிரட்டையில் ஏந்தும் வழக்கத்தையும் குழந்தைகள் கண்டிருப்பர். வகுப்பை இரு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு சிரட்டையைக் கொடுத்து, ஒரே வாளியை நிரப்பச் செய்யலாம். ஒரு குழு 18 சிரட்டை என்று கூறும். மற்றது 23 என்று கூறக்கூடும். யார் சொல்வது சரி? இருவருமே சரியாகத்தான் அளந்தனர். ஆயினும் அவ்வளவுகளைக் கொண்டு ஒருவரோடு ஒருவர் கொடுக்கல் வாங்கல் செய்ய இயலாது. இந்த முரண்பாட்டை ஆசிரியர் அவசரப்பட்டுத் தீர்த்துவிடலாகாது. 'எல்லோரும் ஒரே சிரட்டையை வைத்துக்கொள்வோம்' என்று ஒரு குழந்தையின் வாயிலிருந்து வரும் வரை காத்திருத்தல் நலம். அதுவே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரம்.

மூன்றாம் நிலை, லிட்டரை அறிமுகப்படுத்தல். இப்போது ஒரு லிட்டர், 500, 200, 100, 50 மில்லி லிட்டர் அளவைகளை மேசைமீது வைக்கலாம். மாணவர்கள் தத்தம் அளவுப் புட்டிகளைத் தாமே செய்ய வேண்டும். ஒளி ஊடுருவும் புட்டியொன்றின் மேல் காகிதப் பட்டையை ஒட்டி, ஒவ்வொரு முறையும் 100 மில்லி லிட்டர் நீர் ஊற்றிக் கோடிட வேண்டும். நேரான புட்டியில் கோடுகள் சம இடைவெளியில் விழும். கழுத்து குறுகும் இடத்தில் அவை விலகி நிற்கும். அடி குறுகி வாய் அகன்ற வாளியில் பாதி உயரத்துக்கு நிற்கும் நீர் பாதி வாளி நீர் ஆகாது என்பதும் இதிலிருந்து விளங்கும். பாத்திரம் சமதளத்தில் இருத்தல், கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகத் தாழ்த்துதல், நீர்ப்பரப்பின் கீழ்வளைவைப் பார்த்து அளவைக் குறித்தல் ஆகிய மூன்று பழக்கங்களும் இங்கேயே படிய வேண்டும். நெல்லையோ அரிசியையோ அளக்கும்போது தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் காட்டலாம். தானியத்தை முகந்து விற்காமல் எடைபோட்டு விற்பதன் நியாயம் அப்போது புலப்படும்.

நான்காம் நிலை, மதிப்பிடுதல். நோட்டில் மூன்று கட்டங்கள் வரைந்து, ஊகித்த அளவு, அளந்த அளவு, வேறுபாடு என எழுதச் செய்ய வேண்டும். ஒரே பாத்திரத்தை மூன்று முறை அளந்தால் விடை சற்றே மாறுவதையும் மாணவர் காண்பர். சிந்திய நீரும் முழுதும் நிரம்பாத அளவையும் அதற்குக் காரணங்கள். அளவை என்பது பிழையே அற்றதன்று, பிழையைக் குறைக்கும் முயற்சி என்ற அறிவியல் மனப்பாங்கு இதனால் வளரும். வீட்டுச் செம்பும் குடமும் எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதி வருவதை வீட்டுப்பாடமாகத் தரலாம். அந்த ஒரு தாள், தேவை நேரும் நாளில் தாய்க்கும் வழிகாட்டும்.

ஐந்தாம் நிலை, கன அளவு. பத்து சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள அட்டைப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு சென்டிமீட்டர் கனசதுரங்களால் அடியை நிரப்பினால் ஓர் அடுக்குக்கு 100. பத்து அடுக்குக்கு 1000. கனசதுரம் ஆயிரம் இல்லாவிடினும் ஓர் அடுக்கு இருந்தால் போதும். மீதியை மனம் அடுக்கிக்கொள்ளும். இப்பெட்டியினுள் பாலித்தீன் தாளை விரித்து, ஒரு லிட்டர் நீரை ஊற்றினால் அது சரியாக நிரம்புவதைக் காணலாம். ஒரு கன சென்டிமீட்டரும் ஒரு மில்லி லிட்டரும் ஒன்றே என்ற உண்மை அப்போது கையால் தொட்டறியப்படுகிறது. பின்னர் ஒரு கல்லை அளவுப் புட்டியில் மூழ்கவிட்டு, நீர்மட்டம் ஏறிய அளவைக் கொண்டு கல்லின் கன அளவைக் காணலாம். கல்லுக்குக் கன அளவு உண்டு, கொள்ளளவு இல்லை. குடத்துக்கு இரண்டும் உண்டு: அது இடத்தை அடைப்பது கன அளவு, நீரைக் கொள்வது கொள்ளளவு.

சூத்திரத்தின் இடம்

நீளம், அகலம், உயரம் ஆகியவற்றின் பெருக்கம் என்ற சூத்திரம் இவையனைத்துக்கும் பின்னரே வரவேண்டும். 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள காகிதத்தை நீளவாக்கில் ஒரு முறையும் அகலவாக்கில் ஒரு முறையும் உருளையாகச் சுருட்டச் செய்யுங்கள். காகிதம் ஒன்றே, ஆகவே இரண்டும் ஒரே அளவு நெல் கொள்ளும் என்றே பலரும் கூறுவர். நெல்லை இட்டு நிரப்பினால், குட்டையான உருளை உயரமானதைவிட ஒன்றரை மடங்கு கொள்ளும். கணக்கிட்டால் முறையே சுமார் 1430, 955 கன சென்டிமீட்டர் வரும். வியப்பு முதலில், சூத்திரம் அதன் விளக்கமாகப் பின்னர் என்ற வரிசை அமைந்தால் சூத்திரம் மறவாது.

அறிவியல் உலகமே இவ்விரு பாதைகளையும் இணைக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது என்பதை ஆசிரியர் நினைவில் கொள்வது நல்லது. 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பது ஒரு கிலோகிராம் தூய நீர், அதன் அடர்த்தி மிகுந்த வெப்பநிலையில், அடைக்கும் இடம் என்றே வரையறுக்கப்பட்டிருந்தது. அது 1000 கன சென்டிமீட்டரைவிடப் பத்து லட்சத்தில் 28 பங்கு மிகுதியாக இருந்தது. 1964-ல் கூடிய சர்வதேச அளவைப் பொதுமாநாடுதான் அவ்வரையறையை நீக்கி, லிட்டரை 1000 கன சென்டிமீட்டருக்குச் சமமாக்கியது. அறிஞர்க்கே இத்தனை காலம் ஆயிற்று. மாணவனுக்குச் சில வாரங்கள் கொடுப்பது மிகையாகாது.

உயர் வகுப்புகளில் இப்பாடம் வகுப்பறையைக் கடந்து செல்லலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். அடுத்து நெய்யாறு அணை. 1950களில் கட்டப்பட்ட இவ்வணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவுக்கும் பாசனம் தரும் வகையில் அமைந்தது. பின்னாளில் அந்நீர் குறித்து இரு மாநிலங்களுக்கிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. கால்வாய் நீரைக் குறிக்கும் கன அடி என்ற சொல்லைச் செய்தித்தாளில் காணும் மாணவன், ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர் என்றும், நொடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் சுமார் 24½ லட்சம் லிட்டர் என்றும் கணக்கிட்டுப் பார்க்கட்டும். சிரட்டையில் தொடங்கிய அறிவு பொது விவகாரத்தைப் புரிந்துகொள்ளும் அறிவாக முதிர்வது இவ்வாறே.

இரு மொழிச் சொற்கள்

தமிழில் கன அளவு, கொள்ளளவு என்கிறோம். மலையாளத்தில் இவை முறையே வியாப்தம், உள்ளளவு எனப்படுகின்றன. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் கேட்டு வளரும் எல்லையோரக் குழந்தைக்கு இவை தடையாக வேண்டியதில்லை. கொள்ளும் அளவு, உள்ளே உள்ள அளவு என்று இரு சொற்களும் ஒன்றையொன்று விளக்குகின்றன. ஆசிரியர் கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதினால் குழந்தையின் மொழியறிவே கணிதத்துக்குத் துணையாகும்.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்குவதற்கான வசதிகளை மாநிலங்கள் செய்துதர முயல வேண்டும் என்று கூறும் 350அ பிரிவும் 1956ஆம் ஆண்டிலேயே, ஏழாவது திருத்தத்தின் மூலம், அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. கேரளத்தின் மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் தமிழ் வழி மாணவருக்குத் தமிழிலேயே பாடநூல்களை வெளியிட்டு வருகிறது. பாடநூல் தாய்மொழியில் இருப்பதோடு, பாடத்தின் எடுத்துக்காட்டுகளும் குழந்தையின் முற்றத்திலிருந்து எடுக்கப்பட்டால் அப்பிரிவின் நோக்கம் முழுமையாக நிறைவேறும்.

நிர்வாகம் கருத வேண்டியவை

1987-ல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் கீழ்த் தொடக்கப் பள்ளிகளுக்குக் கற்பித்தல் கருவிகள் வழங்கப்பட்டன. 2021-ல் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் இயக்கம் எண்ணறிவில் அளவையையும் சேர்த்துள்ளது. கொள்கையில் குறையில்லை, நடைமுறையில் நான்கு செய்திகள் கவனத்துக்குரியவை.

முதலாவதாக, அளவைகள் அலமாரியில் பூட்டப்படாமல் மாணவரின் கைக்கு எட்ட வேண்டும். உடைந்தாலும் சிந்தினாலும் ஆசிரியர் பொறுப்பேற்க நேரிடும் என்ற அச்சம் நீங்கும் வண்ணம் இருப்புப் பதிவு விதிகள் எளிமையாக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, ஆசிரியர் பயிற்சியில் சொற்பொழிவைக் குறைத்து, ஆசிரியர்களே நீரும் நெல்லும் அளந்து பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். மூன்றாவதாக, மதிப்பீட்டில் அலகு மாற்றக் கணக்கோடு, பாத்திரமொன்றைக் கொடுத்து அளக்கச் சொல்லும் செய்முறை வினாவும் இடம்பெற வேண்டும். தேர்வில் கேட்கப்படாதது வகுப்பில் நடைபெறுவது அரிது. நான்காவதாக, 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடை அளவைச் சட்டத்தைச் செயற்படுத்தும் அலுவலர்கள் ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வந்து, முத்திரையிட்ட அளவை எவ்வாறிருக்கும் என்று காட்டலாம். கேரளத்தில் இதற்கெனத் தனித் துறையும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையும் இப்பணியை மேற்கொள்கின்றன. எல்லையோரப் பள்ளிகளில் இரு மாநில அலுவலரும் சேர்ந்து இதை நடத்தினால், இரு மாநில லிட்டரும் ஒன்றே என்பதைக் குழந்தைகள் நேரில் காண்பர்.

இவை எவற்றுக்கும் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு வாளி நீர், சில சிரட்டைகள், நான்கைந்து அளவைகள், சிந்துவதைப் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியர் ஒருவர்: இவை இருந்தால் போதும். அளந்து பழகிய குழந்தை நாளை மருந்தைச் சரியாகக் கரைக்கும். கடையில் விலையை ஒப்பிடும். அணை நீர் பற்றிய வாதத்தில் உணர்ச்சியோடு எண்ணையும் கேட்கும்.